உடன்பிறந்தார் துயரும் தடுப்பூசி வழக்கும்

கொரோனா என்னும் பெருந்தொற்று நம் நாட்டில் புகுந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. 2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் கேரளத்துத் திருச்சூரில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், உலகளாவிய நெருக்கடி நிலை முடிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவ்விரு நாட்களுக்கும் இடையில் இந்தியாவில் மாண்டவர்கள் அரசுக் கணக்கின்படி 5,30,000 பேருக்கும் மேல். 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வழக்கத்துக்கு மிஞ்சி நேர்ந்த இறப்புகள் 47 லட்சம் இருக்கலாம் என அந்நிறுவனம் மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டின் முறையை நம் அரசு ஏற்கவில்லை. கணக்கு எதுவாயினும், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. பெரும்பாலோருக்கு உடன்பிறந்தாரும் இருந்தனர்.

உடன்பிறந்தாரை இழந்தவரின் துயரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கணவனை இழந்தவளை ஊர் அறியும். பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஊர் அணைத்துக்கொள்ளும். தம்பியை இழந்த அண்ணனிடமோ, 'தம்பி மனைவியைப் பார்த்துக்கொள், அம்மாவுக்கு ஆறுதல் சொல்' என்றுதான் வருவோர் கூறுவர். அவனுக்கு ஆறுதல் சொல்வாரில்லை. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் ஒன்றை அடிக்கடி கவனித்ததுண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் உறவைத் தமிழில் அண்ணன் என்பதா, தம்பி என்பதா என்று தெரியாமல் பேனா நின்றுவிடும். மூத்தவர் இழப்பும் இளையவர் இழப்பும் நமக்கு வெவ்வேறு. அண்ணன் போனால் வீட்டுத் தூண் சாய்ந்தது என்கிறோம். தங்கை போனால் வளர்த்த கை வெறுமையானது என்கிறோம்.

தாராவியிலும் கரோல்பாகிலும் அல்சூரிலும் வாழும் நம்மவர்க்கு இத்துயர் இரு மடங்காயிற்று. அக்காள் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துச் செல்ல வேண்டியவன் தம்பி. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியதும் பயணிகள் இரயில்கள் நின்றன. கோடித் துணி பெட்டியிலேயே கிடந்தது. மறு ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தபோது வண்டிகள் ஓடின. ஆனால் உடல் பொதிந்து கட்டப்பட்டு, முகங்காட்டாமல், சிலர் மட்டும் நிற்கச் சுடுகாட்டுக்குச் சென்றது. தோள் கொடுக்க வேண்டியவர் கைபேசித் திரையில் பார்த்து அழுதனர்.

இத்துயரோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அதுதான் தடுப்பூசியைப் பற்றிய அபிப்பிராய பேதம். ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூவரில் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டார். ஒருவர் காத்திருப்போம் என்றார். ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். மூவரில் ஒருவர் இறந்ததும், அழுகை ஓயுமுன்பே வழக்குத் தொடங்கிற்று. 'போட்டிருந்தால் பிழைத்திருப்பான்' என்றார் ஒருவர். 'போட்டதால்தான் போனான்' என்றார் மற்றொருவர். பதினாறாம் நாள் முடிந்தும் பேசாமல் பிரிந்த உடன்பிறந்தார் உண்டு. இவ்வழக்கு நம் காலத்தில் பிறந்ததன்று. அதற்கு வயது முந்நூறு. முன்னோர் இதை எவ்வாறு தாங்கினர் என அறிவது நமக்குப் பயன்படும்.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். 1713ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வில்லியம் பியர்பாண்ட் என்னும் இளைஞர் பெரியம்மையால் இறந்தார். வயது 20. மனைவியும் சிறு குழந்தைகளும் இருந்தனர். அவருடைய தமக்கைதான் பிற்காலத்தில் புகழ்பெற்ற மேரி வோர்ட்லி மாண்டேகு. தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, முந்திய ஆண்டுதான் தாம் விரும்பியவரை மணக்க வீட்டை விட்டு வெளியேறியவர் அப்பெண். தந்தையின் கோபம் ஆறாத வேளையில் தம்பியின் சாவு வந்தது. 1715ஆம் ஆண்டின் இறுதியில் அதே நோய் அவரையும் பற்றியது. உயிர் தப்பிற்று, முகம் தழும்பாயிற்று, இமை மயிர்கள் உதிர்ந்து பின்னர் முளைக்கவேயில்லை.

அவருடைய கணவர் துருக்கி நாட்டுக்கு ஆங்கிலத் தூதராக அனுப்பப்பட்டபோது மேரியும் உடன் சென்றார். அங்கே கிழவிகள் சிலர் வீடு வீடாகச் சென்று, இலேசான அம்மை கண்டவரின் கொப்புளச் சீழை ஊசி முனையால் எடுத்துக் குழந்தைகளின் தோலில் கீறி வைப்பதைக் கண்டார். குழந்தைக்குச் சில நாட்கள் காய்ச்சல் அடிக்கும். பின்னர் வாழ்நாள் முழுதும் பெரியம்மை அணுகாது. 1717ஆம் ஆண்டு ஏப்ரலில் சாரா சிஸ்வெல் என்னும் தம் தோழிக்கு இதை விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டு தம் மகனுக்கு அவ்வாறே செய்வித்தார். 1721ஆம் ஆண்டு இலண்டனில் பெரியம்மை பரவியபோது, மருத்துவர்கள் பார்த்திருக்க, தம் சிறு மகளுக்கும் செய்வித்தார். அந்நாட்டில் அவ்வாறு குத்தப்பட்ட முதற் குழந்தைகளுள் அவள் ஒருத்தி.

உடனே நாடு இரண்டுபட்டது. இளவரசி கரோலின் தம் புதல்வியர் இருவருக்கும் 1722ஆம் ஆண்டு அம்மை குத்துவித்தார். அதே ஆண்டில் எட்மண்ட் மாசி என்னும் பாதிரியார், நோயைத் தருவது இறைவன் செயல், அதில் மனிதன் தலையிடலாகாது என்று பிரசங்கம் செய்தார். வாக்ஸ்டாப் என்னும் மருத்துவர் படிப்பில்லாத பெண்களின் கைவேலை இது என்று எள்ளினார். எதிர்த்தவர் எல்லோரும் அறியாமையால் எதிர்த்தனர் என்று நாம் கூறிவிட முடியாது. சண்டர்லண்ட் பிரபுவின் சிறு மகன் அம்மை குத்தப்பட்டபின் 1722ஆம் ஆண்டு ஏப்ரலில் இறந்தான். குத்தப்பட்டவரால் பிறருக்கும் நோய் பரவக்கூடும் என்பதும் உண்மையே. ஆகவே அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

தம்பியின் மரணம் மேரியின் உள்ளத்தில் எவ்வளவு தூரம் இச்செயலுக்கு வித்தாயிற்று என்பதை யார் அளந்து சொல்ல முடியும்? ஒன்று மட்டும் நிச்சயம். தாம் அறிந்ததைத் தம் வீட்டில் செய்து காட்டினார். எல்லோரையும் இணங்க வைக்க அவரால் முடியவில்லை. 1717ஆம் ஆண்டு எந்தத் தோழிக்கு அம்முறையை வருணித்து எழுதினாரோ, அந்தச் சாரா சிஸ்வெல்லே 1726ஆம் ஆண்டு பெரியம்மையால் இறந்தார். தெரியவேண்டியது தெரிந்திருந்தும் வேண்டியவர் இறப்பதுண்டு. தெரிவித்தவர்க்கு அதனால் துயர் குறைவதில்லை.

அதே 1721ஆம் ஆண்டில் கடலுக்கப்பால் பாஸ்டன் நகரிலும் இவ்வழக்கே நடந்தது. அங்கே காட்டன் மாதர் என்னும் பாதிரியாருக்கு அம்மை குத்தும் முறையை முதலில் அறிவித்தவர் ஒனீசிமஸ் என்னும் ஆப்பிரிக்க அடிமை. மாதரின் தூண்டுதலால் பாயில்ஸ்டன் என்னும் வைத்தியர் ஊராருக்கு அம்மை குத்தத் தொடங்கினார். நகரம் கொதித்தெழுந்தது. நவம்பரில் மாதரின் வீட்டுக்குள் எரிகுண்டு ஒன்றை யாரோ வீசினர். நல்லகாலம், அது வெடிக்கவில்லை. வழக்கு ஓய்ந்தபின் பார்த்தால், நோய் தானாகக் கண்ட ஏறத்தாழ 6,000 பேரில் 844 பேர் இறந்திருந்தனர். அம்மை குத்தப்பட்ட ஏறத்தாழ 240 பேரில் இறந்தவர் 6 பேர்.

அந்நகரில் அம்மை குத்துவதைக் கடுமையாக எதிர்த்து எழுதிய பத்திரிகையை 1721ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியவர் ஜேம்ஸ் பிராங்க்ளின். அவருடைய அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழில் பழகிய 15 வயதுத் தம்பிதான் பெஞ்சமின் பிராங்க்ளின். அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு காரணங்களால் பிணக்கு ஏற்பட்டது. முதலாளியாகிய அண்ணனின் அடி பொறாமல் தம்பி 1723ஆம் ஆண்டு ஊரைவிட்டே ஓடினார். பெரியவரானபின் பெஞ்சமின் அம்மை குத்துவதை ஆதரித்தார். ஆயினும் தம் நான்கு வயது மகன் பிரான்சிசுக்கு உரிய காலத்தில் குத்துவிக்கவில்லை; 1736ஆம் ஆண்டு நவம்பரில் குழந்தை பெரியம்மைக்கு இரையானான். அம்மை குத்தியதால்தான் இறந்தான் என்று ஊர் பேசிற்று. புத்திர சோகத்தில் ஆழ்ந்திருந்த தந்தை, அது பொய்யென்று தம் பத்திரிகையில் அறிவிக்க வேண்டியதாயிற்று. தம் தவறான தாமதத்துக்காக வாழ்நாள் முழுதும் வருந்தியதைச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

இச்சரித்திரத்தில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மகன் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு பெஞ்சமின் தம் அண்ணனைக் காண நியூபோர்ட்டுக்குச் சென்றார். ஜேம்சின் உடல்நிலை தளர்ந்திருந்தது. பழைய பிணக்குகள் பேசப்படாமலே மறைந்தன. தாம் இறந்தால் தம் மகனை அழைத்துச் சென்று அச்சுத் தொழிலில் ஆளாக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டார். 1735ஆம் ஆண்டு ஜேம்ஸ் இறந்தார். தம்பி சொன்னபடியே அப்பிள்ளையைப் பள்ளியில் படிக்க வைத்துப் பின் தொழிலும் கற்பித்தார். அம்மை குத்துவதில் அண்ணன் எழுதியது சரியா, தவறா என்று அவ்வமயம் கணக்குப் பார்க்கப்படவில்லை.

கணக்குப் பார்க்க வேண்டிய இடம் வேறு. அதை இலண்டனில் ஜேம்ஸ் ஜூரின் என்பவர் செய்தார். இராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்த அம்மருத்துவர், அம்மை குத்தியவர்கள் எல்லோரும் தமக்கு விவரம் எழுதுமாறு 1723ஆம் ஆண்டில் வேண்டுகோள் விடுத்தார். குத்தப்பட்டவர் எத்தனை பேர், வயது என்ன, பிழைத்தவர் யார், இறந்தவர் யார் என்று கடிதங்கள் வந்தன. குத்தியபின் நேர்ந்த சாவுகளை அவர் மறைக்கவில்லை. அவற்றையும் சேர்த்தே எண்ணினார். பெரியம்மை தானாகக் கண்டால் ஐந்தாறு பேரில் ஒருவர் இறந்தனர். குத்தப்பட்டவர்களிலோ ஏறத்தாழ 50 பேரில் ஒருவர். ஒரு வீட்டுச் சாவைக் கொண்டு வழக்காடுவதற்கும், பல வீட்டுச் சாவுகளைப் பக்கச் சார்பின்றி எண்ணுவதற்கும் உள்ள வேற்றுமையை ஐரோப்பா அப்போதுதான் கற்கத் தொடங்கிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். அம்மை குத்தும் பழக்கம் வங்காளத்தில் ஆங்கிலேயர் காணுமுன்பே வேரூன்றியிருந்தது. அதற்கென ஊர் ஊராகச் சென்ற பிராமணர்களின் முறையைக் கண்ட ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767ஆம் ஆண்டு அதை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். தமிழ்நாட்டிலோ அம்மை என்னும் சொல்லே நோய்க்கும் தாய்க்கும் பொதுவாயிற்று. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவர். 'முத்துப் போட்டிருக்கிறது' என்பர். நோயாளியிடம் கடுஞ்சொல் பேசார். தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை விரதம் காப்பர். வந்திருப்பவள் மாரியம்மன் என்று கருதிய வீட்டில் ஊசியோடு ஒருவர் நுழைந்தால், வீட்டார் தயங்கியது வியப்பன்று.

1796ஆம் ஆண்டு எட்வர்டு ஜென்னர், பசுவுக்கு வரும் அம்மையின் பாலைக் குத்தினாலே பெரியம்மை வாராது என்று கண்டறிந்தார். பெரியம்மைச் சீழைவிட இது மிகவும் பத்திரமானது. பாக்தாது, பாஸ்ரா வழியாக அப்பால் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அங்கே குத்தப்பட்டது; இந்தியாவில் பயன் தந்த முதல் அம்மைப்பால் அதுவே. அவள் கையிலிருந்து மற்றொரு குழந்தைக்கும், அக்குழந்தையிடமிருந்து வேறொன்றுக்கும் எனக் கைக்குக் கையாகவே அது நாடெங்கும் சென்றது. பிற குலத்துக் குழந்தையின் உடல் நீர் தம் குழந்தையின் உடலில் ஏறுவதா என்று பலர் மறுத்தனர். பழைய முறையைப் பரம்பரையாகச் செய்து வந்தோருக்கு 1865ஆம் ஆண்டுச் சட்டம் கல்கத்தாவில் தடை விதித்தது. பிழைப்பை இழந்தவர்கள் புதிய முறையைப் போற்றுவார்கள் என எதிர்பார்க்க இயலுமா?

அடுத்து வந்தது பிளேக் நோய். ஹாப்கின் என்னும் விஞ்ஞானி பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்தைச் செய்து, 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். ஐந்து ஆண்டுகள் சென்றபின், 1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு அம்மருந்து குத்தப்பட்டது. அவர்களில் 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு இறந்தனர். அப்பத்தொன்பது பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது. ஹாப்கின் மீது பழி விழுந்தது, பதவியும் போயிற்று. அந்தப் புட்டி திறக்கப்பட்டபோது அசுத்தம் கலந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் பலர் வாதாடியபின், 1907ஆம் ஆண்டில்தான் அவர் குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டார். 1925ஆம் ஆண்டு முதல் அந்தப் பம்பாய் ஆய்வுக்கூடம் அவர் பெயரால் வழங்குகிறது. சரித்திரம் விஞ்ஞானியின் பெயரை மீட்டுத் தந்தது. மல்கோவாலில் மாண்ட பத்தொன்பது பேரின் உடன்பிறந்தாருக்கு அது எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்? அவர்கள் தம் வாழ்நாள் முழுதும் ஊசியை அஞ்சியிருந்தால், அதை மூடத்தனம் என்று நாம் சொல்லலாமா?

சென்னையில் நடந்த விவாதம் ஒன்றும் இங்கே நினைவு கூரத்தக்கது. 1955ஆம் ஆண்டு, காசநோய்த் தடுப்புக்காக பி.சி.ஜி. ஊசி பெருமளவில் போடப்பட்டு வந்தபோது, இராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ரித் கௌர் அந்த ஊசித் திட்டத்தின் பக்கம் உறுதியாக நின்றார். இருவரும் காந்தியடிகளின் அணுக்கத் தொண்டர்கள். சொல்லால் தீராத அவ்வழக்கைப் பின்னாளில் எண்ணிக்கை ஆராய்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சேர்க்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி அங்கே தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அதே சமயம், குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காச வகைகளை அது தடுக்கிறது என்று பிற ஆய்வுகளால் தெளிந்ததால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது. இரு தரப்பும் எதிர்பார்த்த விடை அப்படியே கிடைக்கவில்லை. ஐயத்தைக் கேள்வியாகக் கேட்டால் விடை காண வழியுண்டு என்பதற்கு நம் மண்ணிலேயே அமைந்த சான்று இது.

பெரியம்மையின் கதை முடிவுக்கு வந்ததும் நம் நாட்டில் ஒரு பெரிய வெற்றியே. 1974ஆம் ஆண்டு பீகாரில் அந்நோய் பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளியைத் தேடி, சுற்றியிருந்தோருக்கெல்லாம் அம்மை குத்தினர். 1975ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் புதிய நோயாளி தோன்றவில்லை. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. இப்பெருஞ்செயலிலும் சில இடங்களில் கதவை உடைத்து, கையைப் பிடித்து, வலுவில் குத்தியதுண்டு. நன்மை வந்தது, மனத்தில் வடுவும் நின்றது.

இவ்வளவையும் அறிந்தபின் நம் காலத்து வழக்கைப் பார்ப்போம். கொரோனாத் தடுப்பூசி 2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் சுகாதாரப் பணியாளர்க்குத் தொடங்கியது. மார்ச் முதல் நாள் 60 வயது கடந்தோருக்கும், நோயுள்ள 45 வயதினருக்கும் திறக்கப்பட்டது. ஏப்ரல் முதல் நாள் 45 வயது கடந்த எல்லோருக்கும். மே முதல் நாள்தான் 18 வயது நிறைந்தோருக்கு. இரண்டாம் அலை உச்சத்தில் நின்ற ஏப்ரல் இறுதியில் மாண்ட 40 வயதுத் தம்பி, பெரும்பாலும் ஊசி பெறும் உரிமையே இல்லாதவன். உரிமை வந்தபின்னும் மருந்து கிடைக்காத ஊர்கள் பல. பதிவு செய்யும் இணையத்தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. இந்திய மொழிகள் ஜூன் மாதத்தில்தான் சேர்ந்தன. ஆகவே ஊசி போடாமல் இறந்தவர் எல்லோரும் மறுத்தவர் என்று எண்ணுவது சரித்திரத்துக்கு முரண்.

மறுத்தவரும் காரணமின்றி மறுக்கவில்லை. நடிகர் விவேக் அவர்கள், மக்கள் அஞ்சாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே 2021 ஏப்ரல் 15ஆம் நாள் தாமும் போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். தமிழ்நாட்டில் பலர் கலங்கினர். ஊசியால் நேர்ந்த மரணமன்று என்று தேசியக் குழு ஆராய்ந்து அறிவித்தது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதங்களில் ஐயம் ஊர் முழுதும் சுற்றிவிட்டது. சில தடுப்பூசிகளால் மிக அரிதாக இரத்தம் உறையும் கேடு நேர்ந்ததும் உண்மை. எனினும் எண்ணிக்கையின் தீர்ப்புத் தெளிவானது. தடுப்பூசி வந்த முதல் ஓராண்டில் மட்டும் உலகெங்கும் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அதனால் காக்கப்பட்டன என 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதே ஆண்டு மே 2ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பு வழங்கியது. எவரையும் ஊசி போட்டுக்கொள்ளுமாறு வலுவந்தம் செய்யலாகாது. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றதன்று. ஊசிக்குப்பின் நேரும் கேடுகளின் விவரம் மக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பன அதன் சாரம்.

தடுப்பூசி உயிர் காக்கிறது என்பதே நம் துணிபு. அடுத்த நோய் வரும்போது நம் பிள்ளைகளுக்கு அதைத் தயங்காமல் சொல்வோம். ஆனால் அதைச் சொல்லும் இடம் தம்பியின் படத்துக்கு முன்பன்று. ஒருவர் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயிரம் பேரைப் பற்றிக் கணக்குப் பேசும். அந்த ஒருவரைப் பற்றி அது மௌனம் சாதிக்கும். 'போட்டிருந்தால்' என்ற சொல்லால் உயிர் மீளப்போவதில்லை. பிரிந்திருக்கும் அண்ணியும் அக்காளும் இன்னும் தொலைவாகப் போவர். 'போட்டதால்' என்ற சொல்லும் அத்தகையதே. ஊசி போடுமாறு அன்போடு வற்புறுத்திய உடன்பிறந்தாரை அது வாழ்நாள் குற்றவாளி ஆக்கிவிடும்.

நம் காவியமரபில் கருத்து வேறுபட்ட உடன்பிறந்தாருக்குப் பஞ்சமில்லை. வீடணன் தமையனுக்கு நல்லது சொன்னான், தமையன் கேட்கவில்லை, தம்பி பிரிந்து எதிர்ப்பக்கம் சென்றான். இராவணன் வீழ்ந்தபோது, 'நான் அன்றே சொன்னேனே' என்று அவன் ஒதுங்கி நிற்கவில்லை. உடல்மேல் விழுந்து புரண்டு அழுவதாகக் கம்பர் பாடுகிறார். வென்றவனாகிய இராமனே, தமையனுக்குரிய கடன்களைச் செய்யுமாறு அவனைப் பணிக்கிறான். யார் சொன்னது சரி என்பதில் அக்காவியத்துக்கு ஐயமே இல்லை. ஆயினும் அழும் உரிமையும் கடன் செய்யும் உரிமையும் தம்பிக்கே உரியன என்று அது வைத்தது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் செல்வதே அரிது. திதி நாளும் விடுமுறையும் எப்போதும் ஒத்து வருவதில்லை. ஒத்து வரும் ஆண்டில், அல்லது ஒத்து வராவிடினும் தொலைபேசியிலாவது, பேச்சு அறுந்த உடன்பிறந்தாரை அழைத்து, இறந்தவர் சிறுவயதில் என்ன செய்தார், எதற்குச் சிரித்தார் என்று கேட்கலாம். அதை அறிந்தவர்கள் உலகில் இரண்டு மூன்று பேர்தாம் இருப்பர். அவர்கள் அனைவரும் அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவர் விட்டுச்சென்ற பிள்ளையின் படிப்புக்கு யார் என்ன செய்வது என்றும் அப்போதே பேசி முடிவு செய்யலாம். ஊசியைப் பற்றிய வாதம் நாளைக்கும் இருக்கும். நூல்களும் கணக்குகளும் அதைப் பார்த்துக்கொள்ளும்.